பூனைக்கூடு வாங்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக் கடைகளில் "கரியர் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றில் சைக்கிளின் பின்பக்கத்தில் பூட்டுகிற இரும்புக் கரியரைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் சோறு கறி கொண்டுபோகிற அடுக்குக் கரியரை எடுத்து வைப்பார்கள். நான் கேட்டபோது இரண்டும் வந்தன. பூனையைக் கொண்டுபோவதற்கு என்று விளக்கிய பிறகு கடைக்கார ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதற்கு ஒரு சாக்குக் காணாதா, தம்பி?" என்றார்.

அவர் பகிடி விடவில்லை. எங்கள் பக்கத்தில் பூனை வாகனம் ஏறியது பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத்தான்: மீன்சட்டியை உருட்டிய குற்றத்துக்காக நாலு கட்டை (மைல்) தள்ளிச் சந்தையடியில் விடப்படுவதற்கு. அதற்குச் சாக்குப் போதும். இப்போது தடுப்பூசிக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் கொண்டுபோகிறோம். கொழும்புக்கு வீடு மாறும்போது கூட்டிப் போகிறோம். கனடாவில் இருக்கும் மகள் நாயை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாள். ஆகவே சாக்கு காணாது. கடையில் பேசும்போது 'பூனைக்கூடு', 'நாய்க்கூடு' என்றே கேளுங்கள். இந்தக் கட்டுரையிலும் கூடு என்றே எழுதுகிறேன்.

நான் சாக்கைத் தவிர்த்தேனே தவிர, முதல்தடவை செய்தது அதைவிடப் பெரிய அறிவான காரியம் அல்ல. கறுவல் என்ற எங்கள் கடுவன் பூனையை ஒரு பனையோலைக் கடகத்தில் இருத்தி, மேலே பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஓட்டோவில் ஏறினேன். கொக்குவிலில் புகையிரதக் கடவை மூடியிருந்தது. ரயில் கூவிக்கொண்டு கடந்தபோது கடகம் என் மடியில் ஒருமுறை துள்ளியது. அடுத்த கணம் விரிப்பின் ஒரு மூலை கிளம்பி, அந்த இடைவெளியால் முதலில் ஒரு கால், பிறகு தலை, பிறகு முழுப் பூனையும் வெளியே வந்து, என் முன்கையை ஏணியாகப் பயன்படுத்தி, எதிர்மதிலில் ஏறி மறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு வீட்டின் விறகுக் கொட்டிலில் பிடித்தோம். விசர்நாய்த் தடுப்பூசி போடாத பூனை கீறினால் அலட்சியம் செய்யக்கூடாது; காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். போனேன். பூனைக்குப் போடக் கொண்டுபோன ஊசி கடைசியில் எனக்குத்தான் ஏறியது.

அதன்பிறகு மூன்று கூடுகள் வாங்கி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, ஒன்றைக் கோழிக்குஞ்சுக்கு விட்டு, மூன்றாவதோடு நிலைத்திருக்கிறேன். அந்தச் செலவில் படித்தது இது: எல்லோரும் மிருகத்தை எப்படி உள்ளே ஏற்றுவது என்று யோசித்துக் கூடு வாங்குகிறார்கள். எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்து வாங்க வேண்டும். பயந்த பூனை வைத்தியரின் மேசைக்கு வந்ததும் கூட்டின் கடைசி மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நான்கு காலையும் ஊன்றிவிடும். முன்கதவு ஒன்றுதான் வழியென்றால் கையை விட்டு இழுக்கவேண்டும். அல்லது கூட்டைச் சரித்து, பணியாரம் கொட்டுவதுபோலக் கொட்டவேண்டும். இரண்டுக்கும் பதில் பல்லும் நகமும்தான்.

முதலில் அளவு

கடைக்குப் போகுமுன் தையல்காரரின் அளவு நாடாவை எடுங்கள். மிருகம் நிற்கும்போது நான்கு அளவுகள் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம். வாலைச் சேர்க்க வேண்டாம். நிலத்திலிருந்து முன்கால் முழங்கை வரை உயரம். இரண்டு தோள்களுக்குக் குறுக்கே அகலம். நிலத்திலிருந்து உச்சந்தலை வரை அல்லது காது நுனி வரை, எது கூடவோ அது.

கூட்டின் உள்நீளம், உடல் நீளத்தோடு முழங்கை உயரத்தின் பாதியைக் கூட்டினால் வரும். உள்ளகலம் தோள் அகலத்தின் இரு மடங்கு. உள்ளுயரம், தலை உயரத்தோடு உள்ளே விரிக்கும் துணியின் தடிப்பு. விமானப் பயணத்துக்காகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வைத்திருக்கும் கணக்கு இது. ஓட்டோப் பயணத்துக்கு யாரும் இந்த அளவைக் கேட்கமாட்டார்கள். ஆனாலும் கண்மட்டத்தில் வாங்குவதைவிட இது நல்லது. கறுவலின் நீளம் 46 செ.மீ., முழங்கை 14, தோள் 13, காது நுனி வரை 33. ஆகவே கூட்டின் உள்நீளம் 53, அகலம் 26, துணியோடு உயரம் 36 செ.மீ. வந்தது. கடையில் 'பூனைக்கு இது' என்று தந்தது 48 செ.மீ. நீளம். அதுதான் நான் திருப்பிக் கொடுத்த கூடு. கூட்டில் ஒட்டியிருக்கும் அளவு பெரும்பாலும் வெளியளவு என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். நாடாவை உள்ளே விட்டு அளந்து பாருங்கள்.

நிறையும் தெரிய வேண்டும். பூனையைத் தராசில் நிறுத்த முயல்வது வீண். நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறி ஒருமுறை, தனியே ஏறி ஒருமுறை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கூடு கருணையானது என்று நினைக்க வேண்டாம். எழுந்து நிற்க, ஒருமுறை திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். அதைவிடப் பெரிதானால் வாகனம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பது வழுக்கிப் போய் எதிர்ச்சுவரில் மோதும். வளருகிற நாய்க்குட்டி என்றால் மட்டும் பெரிதாக வாங்கி, ஒரு பக்கத்தில் சுருட்டிய துவாயை வைத்து இடத்தைக் குறைக்கலாம். இரண்டு பூனை என்றால் இரண்டு கூடு. வீட்டில் ஒட்டிப் படுக்கிற சகோதரங்கள்கூட ஓட்டோவுக்குள் ஒன்றையொன்று கடிக்கும்.

எந்த வகை?

பூனைக்கும் சிறிய நாய்க்கும் கடினப் பிளாஸ்டிக் கூட்டை விட்டு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். வைத்தியரின் மேசையில் பக்கத்துக் கொளுக்கிகளை விடுவித்து மேல்பாதியைத் தூக்கினால், பூனை தன் கீழ்பாதித் தொட்டியிலேயே இருக்கும். மேலே ஒரு துவாயைப் போட்டுக்கொண்டால் பலதும் அங்கேயே ஊசி போட விட்டுவிடும். கூரையிலும் ஒரு கதவு இருக்கிற கூடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஏற்றுவதற்கும் அந்த வழிதான் இலகு. முன்கதவு கம்பியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கதவைக் கறுவல் இரண்டு பயணத்தில் வளைத்துவிட்டது.

துணிப்பை வகை பார்க்க அழகு, தூக்க இலேசு. சாந்தமான கிழட்டுப் பூனைக்கும் கைக்குள் அடங்கும் நாய்க்குட்டிக்கும் சரி. ஆனால் சிறுநீர் ஊறினால் கழுவிக் காயவைக்க இரண்டு நாள் போகும். வலைத்துணியை நகத்தால் கிழித்த பூனைகளையும், சிப்பின் (zip) நுனியை மூக்கால் தள்ளித் திறந்த பூனைகளையும் கண்டிருக்கிறேன். வாங்கினால் இரண்டு சிப்பையும் சேர்த்துக் கொளுவ ஒரு சிறிய கொளுக்கி போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பலகை இல்லாத பையை வாங்கவே கூடாது. தூக்கும்போது நடு தொய்ந்து, மிருகம் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல மடிந்து கிடக்கும்.

முதுகில் மாட்டுகிற பை ஒன்று வருகிறது. விண்வெளிக்குப் போகிறவர்களின் தலைக்கவசம்போலத் தெளிவான பிளாஸ்டிக் குமிழ் வைத்தது. பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். வாங்க வேண்டாம். அந்தக் குமிழுக்குள் விழும் வெயில் வெளியே போகாது. பெயருக்கு நாலு துளை இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கஸ்தூரியார் வீதியில் நடப்பது பூனையை அவிப்பதற்குச் சமம்.

நடுத்தர, பெரிய நாய்க்கு, வான் வண்டியில் வைப்பதென்றால் மடிக்கக்கூடிய கம்பிக்கூடு. காற்றோட்டம் நன்றாக இருக்கும். ஆனால் அடித்தட்டுக்கும் கம்பிக்கும் நடுவே காலோ நகமோ சிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். நான்கு புறமும் வெளித் தெரிவதால் நாய் குரைத்துக்கொண்டே வரும். மூன்று பக்கத்தை ஒரு பழைய சாரத்தால் மூடினால் அடங்கும்.

இருபது கிலோ ஊர் நாயை, வாழ்நாளில் கூட்டையே காணாததை, ஒரே நாளில் அடைக்க முயலாதீர்கள். அதற்கு மார்புப் பட்டியும் சங்கிலியும் போதும். கழுத்துப் பட்டியை மட்டும் நம்பாதீர்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும்.

காசு செலவழிக்க வசதியில்லை, நாளைக்கே போகவேண்டும் என்ற நிலையும் வரும். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அளவில் இரண்டை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றைக் கவிழ்த்து, நாலு பக்கமும் இரண்டிரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினால் ஒருநாள் பயணத்துக்கு நம்பலாம். துளைகளால் குட்டியின் தலை போகாமல் இருக்கவேண்டும். வெட்டுவதற்கு ஒரு கத்தரிக்கோலைக் கையில் கொண்டுபோக மறக்காதீர்கள்; நான் மறந்து, வைத்தியரின் மேசை லாச்சியில் தேடவேண்டி வந்தது. அட்டைப்பெட்டி குட்டிகளுக்கு மட்டும், அதுவும் அரைமணி நேரத்துக்கு. நனைந்ததும் அடி கழன்றுவிடும்.

கடகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நாரால் பொத்திய பழைய கடகம் என் பூனையைவிட அதிக வருடம் உழைக்கும். மூடி இல்லை என்பதுதான் அதன் ஒரே குற்றம்.

முயல், லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வரி: முயலுக்குத் தரை வழுக்காத கூடு, உள்ளே காய்ந்த புல். அது நாயைவிட விரைவாக வெப்பத்தில் விழுந்துவிடும். குருவிக்குச் சிறிய கூடே பாதுகாப்பு; ஊஞ்சலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கழற்றிவிட்டு மெல்லிய துணியால் மூடுங்கள்.

கடையிலேயே செய்யவேண்டிய சோதனை

கடைக்கு ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றோடு போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. பையைக் கூட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டி, கைப்பிடியில் தூக்கி, நடந்து, கொஞ்சம் குலுக்கிப் பாருங்கள். அநேகமான கூடுகளில் கைப்பிடி மேல்பாதியில் மட்டும்தான் பொருத்தியிருக்கும். கொளுக்கிகள் பலவீனமென்றால் மேல்பாதி உங்கள் கையோடு வரும், கீழ்பாதி மிருகத்தோடு தரையில் கிடக்கும். அரிசி கொட்டினால் கூட்டி அள்ளலாம்.

பிறகு கதவைப் பூட்டி உள்ளேயிருந்து விரலால் தள்ளுங்கள். மேல் முனையும் கீழ் முனையும் இரண்டும் துளையில் போய் இறங்குகிறதா? ஒரு கையால் திறந்து பூட்ட முடிகிறதா? மற்றக் கையில் பூனை இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். காற்றுத் துளை மூன்று பக்கமாவது இருக்கட்டும். ஓட்டோவில் ஒருபக்கம் உங்கள் காலோடு ஒட்டியிருக்கும், மறுபக்கம் சீற்றோடு. உள்விளிம்பு முழுவதும் கையால் தடவி, கூரான பிளாஸ்டிக் பிசிறு இருந்தால் அங்கேயே காட்டி வேறு எடுங்கள். இவ்வளவும் செய்து முடியும்போது கடைக்காரர் உங்களை விரைவில் அனுப்பிவிட விரும்புவார். விலை பேச அதுதான் நேரம்.

நிறத்தைப் பற்றி ஒன்று. கறுப்பும் கடும் நீலமும் வெயிலை வாங்கும். சாம்பல், வெள்ளை, இளம் பச்சை நல்லது.

வீட்டில் மூன்று கிழமை

வாங்கிய கூட்டைப் பயண நாள்வரை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைப்பதுதான் பெரிய பிழை. அது இறங்கும் சத்தம் கேட்டாலே பூனை கூரைக்குப் போய்விடும். கூட்டை வீட்டின் கதிரை மேசைகளில் ஒன்றாக்குங்கள்.

முதல் கிழமை கதவைக் கழற்றிவிட்டு, மிருகம் வழமையாகப் படுக்கிற மூலையில் வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்துக் கழற்றிய, கழுவாத சாரத்தை விரியுங்கள். உள்ளே போகச் சொல்லித் தள்ள வேண்டாம். கூட்டு வாசலில் அவித்த சூடை மீன் ஒன்று, அடுத்த நாள் வாசலுக்குச் சற்று உள்ளே, பிறகு கடைசி மூலையில். கறுவல் நாலாம் நாள் மீனைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. ஏழாம் நாள் உள்ளேயே இருந்து தின்று, முகம் துடைத்து, அங்கேயே படுத்தது.

இரண்டாம் கிழமை கதவைப் பூட்டுங்கள். சாப்பிடும்போது கதவை மூடி, சாப்பிட்டு முடியுமுன் திறந்துவிடுங்கள். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம். கத்தத் தொடங்கிய பிறகு திறந்தால் கத்தினால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். ஆகவே கத்துமுன் திறப்பதுதான் வித்தை. மூன்றாம் கிழமை தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று. பிறகு படலை வரை. பிறகு நிறுத்திவைத்த வாகனத்தில் ஐந்து நிமிடம், இயந்திரத்தை இயக்கி ஐந்து நிமிடம். தூக்கும்போது கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டாமல், கையை அடியில் கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்குங்கள். நாய்க்குட்டி இதையெல்லாம் மூன்று நாளில் முடித்துவிடும். பூனையிடம் அவசரப்பட்டுப் பயனில்லை.

பயண நாள்

புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னதாக உணவை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். சின்னக் குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. அவற்றுக்கும் சத்திரசிகிச்சைக்குப் போகிறவற்றுக்கும் வைத்தியர் சொன்ன நேரத்தைக் கடைப்பிடியுங்கள். பழைய பத்திரிகை இரண்டு படை, அதன்மேல் துவாய், மாற்றுவதற்கு இன்னொரு துவாய். தடுப்பூசி அட்டை உங்கள் சட்டைப் பையில். மயக்கத்துக்கென்று வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். மனிதருக்குக் காய்ச்சலுக்குப் போடும் பரசிற்றமோல் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

வெப்பத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். நாய் மூச்சிரைத்து உடலைக் குளிர்த்திக்கொள்ளும். பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது ஆபத்தின் அறிகுறி. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்துப் பாகையளவு ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஆகவே காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் புறப்படுங்கள். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, துவாயில் சுற்றி, கூட்டின் ஒரு பக்கத்தில் வைத்தால் விரும்பினால் ஒட்டிப்படுக்கும், விரும்பாவிட்டால் விலகிப்படுக்கும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி கண்ணில் விழாமல் காற்று வரும் பக்கத்தை மெல்லிய துணியால் மறையுங்கள். ஈரத்துணியால் கூட்டை முழுதாகப் போர்த்த வேண்டாம், உள்ளே ஆவி நிற்கும். நாக்கும் பல்முரசும் கடும் சிவப்பாகி, எச்சில் ஒழுகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் சாதாரண கிணற்றுத் தண்ணீரால் உடலை நனைத்து விசிறிக்கொண்டே வைத்தியரிடம் போங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஓட்டோவில் கூட்டைச் சீற்றில் வைத்தால் ஒரு வளைவில் அது வெளியே போய்விடும். காலடித் தட்டில், வாகனத்துக்குக் குறுக்காக வைத்து இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொள்ளுங்கள். ஏறுமுன்னரே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது மரியாதை. "அண்ணை, பூனை இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் போங்கள், பாட்டு வேண்டாம்" என்றால் அநேகமானோர் கேட்பார்கள். ஒருவர் தன் வீட்டுப் பூனையின் கதையை அரசடிச் சந்தி வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மோட்டார் சைக்கிளில் கூட்டைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். பின்னால் இருப்பவர் மடியில் குறுக்காக வைத்துப் பிடிக்கவேண்டும். தனியே போகிறவர்கள் ஓட்டோ பிடிப்பதே நல்லது. சைக்கிள் கரியரில் ரியூப்பால் கட்டலாமா என்று கேட்கிறார்கள். அரைக்கட்டைத் தூரம், நல்ல தார் றோட்டு, மிருகம் பழகியது என்றால் கட்டலாம். ரியூப்பைக் கூட்டின் மேலால் மட்டும் போடாமல் கைப்பிடிக்குள்ளாலும் கோத்து இழுங்கள். கடைசியில் எங்கள் ஊர்க் கரியரும் பயன்படத்தான் செய்கிறது.

மினிபஸ்ஸில் நெரிசலான நேரத்தில் ஏறாதீர்கள். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பொதி வைக்கிற அடிப்பெட்டிக்குள் கூட்டைத் தள்ள யாராவது சொன்னால் இறங்கிவிடுங்கள். அங்கே காற்று இல்லை, வெப்பம் உண்டு, ஏழெட்டு மணி நேரம் யாரும் திறந்து பார்க்கவும் மாட்டார்கள். ரயிலென்றால் முதல்நாளே புகையிரத நிலையத்தில் கேட்டு அனுமதியை உறுதி செய்துகொண்டு போங்கள்.

வான் வண்டியில் போவதுதான் நீண்ட பயணத்துக்கு உகந்தது. சிறிய கூட்டுக்கு மிக உறுதியான இடம், முன்சீற்றுக்குப் பின்னால் உள்ள தரை. ஏ9 வீதியால் போகிற எல்லா வானும் முறிகண்டியில் நிற்கும். எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் மட்டும் கூட்டோடு இருக்கவேண்டும், ஏசியும் ஓடவேண்டும். "பாவம், கொஞ்சம் காற்று வாங்கட்டும்" என்று மாமிமார் யாராவது கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பழக்கமில்லாத வெளியில் பாய்ந்த பூனையைத் தேடி உங்கள் பயணம் அங்கேயே முடிந்துவிடும். நாயைச் சங்கிலி பூட்டிய பிறகே கூட்டிலிருந்து இறக்குங்கள். இரண்டு மூன்று மணிக்கொருமுறை இறக்கினால் போதும்.

தீவகத்தவர்களுக்கு: குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு வரும்வரை காத்திருக்கும் நேரம்தான் கடலில் போகும் நேரத்தைவிட மோசமானது. குடையைக் கூட்டுக்குப் பிடியுங்கள். நெடுந்தீவுக்குப் போகும் ஒரு மணி நேரமும் கூடு நிழலான பக்கத்தில், தரையில், கட்டியபடி இருக்கட்டும். உப்புத் தண்ணீர் தெறித்த கம்பிக்கதவை வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் கொளுக்கி துருப்பிடித்து, அடுத்தமுறை திறக்காது.

வைத்தியரின் வாசலில்

கூட்டைத் தரையில் வைக்காதீர்கள். அங்கே வருகிற ஒவ்வொரு நாயும் மூக்கைக் கதவில் வைத்து மோந்துவிட்டுத்தான் போகும். மடியிலோ வாங்கிலோ, கதவு உங்களைப் பார்க்க வைத்துத் துவாயால் மூடுங்கள். உள்ளே போனதும் வைத்தியரிடம், மேல்பாதியைக் கழற்றலாமா என்று கேளுங்கள். கதவையும் சன்னலையும் மூடிய பிறகே கொளுக்கிகளில் கை வையுங்கள். கறுவலுக்குக் கடைசியாக ஊசி போட்டபோது அது கீழ்த்தொட்டியில், துவாய்க்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. ஊசி ஏறியது அதற்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள்

இங்கே கூடு கடைசி வேலை. பத்திரங்கள் முதல் வேலை. முதலில் 15 இலக்க மைக்ரோசிப், பிறகு விசர்நாய்த் தடுப்பூசி. பிரித்தானியாவுக்கென்றால் தடுப்பூசிக்குக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். அங்கே விமானத்தில் போகும் நாய் பூனைகள் சரக்காகத்தான் இறங்கலாம், பயணியின் மடியில் அல்ல. ஆகவே சித்திரையில் அனுப்ப நினைப்பவர் முந்தின மார்கழிக்கு முன்னரே தொடங்கவேண்டும்.

அந்தப் பயணத்துக்கான கூடு மேலே சொன்ன கணக்கின்படி இம்மியும் குறையாமல் இருக்கவேண்டும்; மூக்குச் சப்பையான இனங்களுக்குப் பத்து வீதம் கூடப் பெரிதாக. நான்கு பக்கமும் காற்றோட்டம், உலோகக் கதவு, இரண்டு பாதியையும் சேர்க்கப் பிளாஸ்டிக் கொளுக்கிக்குப் பதில் உலோகத் திருகாணி, கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணமும் உணவுக் கிண்ணமும், சில்லு இருந்தால் கழற்றியது, 'உயிருள்ள விலங்கு' என்ற ஒட்டுத்தாளும் மேல்பக்கம் எது என்ற அம்புக்குறியும். கூட்டின் படத்தையும் உள்ளளவையும் விமான நிறுவனத்துக்கு முன்னரே அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவு பதினொரு மணிக்குத் திருகாணி தேடி அலைந்தது. உறக்க மருந்து கொடுத்த மிருகத்தை ஏற்ற மறுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திரும்பி வந்ததும்

வைத்தியசாலை வாசத்தோடு வரும் பூனையை வீட்டுப் பூனை சீறும். கூட்டை ஓர் அறையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் அறையை மூடிவிடுங்கள். தானாக வெளியே வரட்டும். கூட்டைக் கிணற்றடியில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். டெட்டோல், பினாயில் இரண்டும் பூனைக்கு நஞ்சு. வாசம் போகவில்லையென்று அவற்றை ஊற்றாதீர்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் பழைய சாரத்தை விரித்து, மீண்டும் அதே மூலையில் கதவைத் திறந்து வையுங்கள். அன்றிரவு சூடை மீன் கூட்டுக்குள்தான்.